அனாமத்தில் கிடந்த ஒரு வெள்ளி

அடுத்தவர் கணக்கில் ஒரு காசு உதைத்தாலும் வேதநாயகிக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பத்து பாகாட் டவுனில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில், இருபத்தாறு வருஷமாகக் கணக்காய்வு அலுவலகம் நடத்துகிறவள். முப்பது கம்பெனிகளின் கணக்கைப் புரட்டிப் போட்டுப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறவள். அந்தக் கையெழுத்துக்கு முறைப்படி உரிமம் உண்டு. அந்த உரிமம் இன்று சாயங்காலம் ஐந்து மணியோடு காலாவதி என்று கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்?

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. ஆயர் ஈத்தாம் மரியநாதனின் மண்பாண்டத் தொழிற்சாலைக் கணக்கு அறிக்கையைப் பதிவேற்றத்தான் உரிம வாரியத்தின் பக்கத்தைத் திறந்தாள். புதுச் சூளைக்குக் கடன் தர ஒப்புக்கொண்ட வங்கி, கையெழுத்தான அறிக்கை இன்று ஐந்து மணிக்குள் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது. அறிக்கை தயார். கையெழுத்துப் போடும் பெட்டி மட்டும் திறக்க மாட்டேன் என்றது. ஆண்டுக் கட்டணமும் லெவியும் கெடுவுக்குள் வந்து சேரவில்லையாம்.

கட்டணம் ஆயிரம் வெள்ளி, ரிங்கிட்டைத்தான் இங்கே அப்படிச் சொல்வது. அதற்கு மேல், கையெழுத்துப் போடும் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் ஐம்பது வெள்ளி லெவி. முப்பது கம்பெனிக்கு ஆயிரத்து ஐந்நூறு. மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூறு. கெடு போன மாதமே முடிந்துவிட்டது, இனி புதிதாகக் கட்ட வழியில்லை. கெடுவுக்குள் கட்டியவர்கள், கட்டியதற்கு அத்தாட்சியோடு வாரியத்தின் கவுண்டருக்கு வந்து சொல்ல ஒரு மாதம் அவகாசம். அந்த அவகாசம்தான் இன்று ஐந்து மணிக்கு முடிகிறது. அதைத் தவறவிட்டால் புதிதாக விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்குப் போய் உட்கார்ந்து, நாலு மாதம் காத்திருக்க வேண்டும். நாலு மாதம் கையெழுத்துப் போட முடியாத ஆடிட்டரை எந்தக் கம்பெனிக்காரன் வைத்துக்கொண்டிருப்பான்? முப்பதும் பறந்துவிடும்.

"ஏங்க! இங்க வாங்க!" என்று போட்டாள் ஒரு சத்தம். கீழே துணிக்கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்திருப்பார்கள்.

வந்தவர் அவள் கணவர் அழகப்பன். ஊருக்கெல்லாம் அழகு. இரும்புச் சாமான் கடையை விற்ற பிறகு மனைவியின் அலுவலகத்தில் பேங்க் வேலை, தபால் வேலை, பில் கட்டுகிற வேலை எல்லாம் அவர் கையில்தான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எதையும் தன் வழியில்தான் செய்வார்.

"லைசன்ஸ் காசு கட்டினீங்களா இல்லையா?"

"அலமாக், கட்டாம இருப்பனா? போன மாசம் எட்டாந்தேதியே கட்டியாச்சு லா. பேங்க் கவுண்டர்ல, கேஷா."

"அப்புறம் ஏன் இப்படிச் சொல்லுது? வாரியத்திலேருந்து லெட்டர் ஒண்ணும் வரலியா?"

"வந்துச்சே. மூணு வந்துச்சு."

"மூணா! ஏன் என்கிட்டச் சொல்லல?"

"மூணுலயும் கீழ ஒரே வரிதான் போட்டிருந்தான். ஏற்கெனவே கட்டியிருந்தா இந்தக் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்னு. நான்தான் கட்டிட்டேனே. அதான் பொருட்படுத்தல."

வேதநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் என்னவென்று திட்டுவது? கடிதம் சொன்னதைத்தானே மனுஷன் செய்திருக்கிறார். "சரி, ரெசிட் எங்க?" என்றாள்.

ரெசிட் சாமி அலமாரியில் இருந்தது. பிள்ளையார் படத்துக்குக் கீழே, விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், மடித்து, குங்குமம் வைத்து. அழகு பக்தியோடு எடுத்து வந்து பிரித்தார். உள்ளே ஒன்றுமில்லை. பேங்கில் அச்சடித்துத் தருகிற அந்த வழவழப்புக் காகிதத்துக்குச் சூடு ஆகாது. ஒன்றரை மாதம் விளக்குச் சூட்டிலும் கற்பூரப் புகையிலும் இருந்து எழுத்தெல்லாம் ஆவியாகிவிட்டது. வெள்ளைக் காகிதத்தில் சிவப்பாகக் குங்குமப் பொட்டு மட்டும் மிச்சம்.

பேங்குக்கு ஓடினார்கள். நகல் தரலாம், ஏழு வேலை நாள் ஆகும் என்றான் கவுண்டரில் இருந்தவன். வாரியத்துக்குப் போன் போட்டால் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. வேதநாயகி காரை எடுத்தாள். வாரியத்தின் தென்பகுதிக் கிளை தெப்ராவில் இருக்கிறது, இரண்டு மணி நேரப் பயணம். "கட்டின காச இல்லைன்னு சொல்றானுங்களா? நேர்ல போய்ப் பிடிச்சு உலுக்குறேன்" என்றாள். பாரிட் ராஜா தாண்டும்வரை வாரியத்துக்கு அர்ச்சனை நடந்தது. கம்ப்யூட்டர் வாங்கியவன், அதை விற்றவன், கடிதத்தில் அந்தக் கடைசி வரியை எழுதியவன் என்று ஒருத்தரையும் விடவில்லை. அழகு வாயே திறக்கவில்லை. அது வழக்கம் இல்லை. அவளுக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

போகிற வழியில் ஆயர் ஈத்தாமில் மரியநாதன் தன் கடை வாசலிலேயே நின்றிருந்தார். ஆளுயர ஜாடிகளுக்கு நடுவே, கையில் ஃபைலோடு. கணக்கில் அவர் போட வேண்டிய கையெழுத்துகளைப் போட்டு வைத்திருந்தார்.

"என்னக்கா, முகமே சரியில்ல? நம்ம வேல முடிஞ்சிரும் இல்ல?"

வேதநாயகி நடந்ததைச் சொன்னாள். மறைக்க அவளுக்குத் தெரியாது. மரியநாதன் பயந்துபோய், "மாதாவே" என்று நெஞ்சில் கை வைத்தார். பிறகு ஏதாவது ஆறுதலாகக் கேட்க வேண்டுமே என்று காருக்குள் குனிந்து கேட்டார்.

"பெரிய காசோண்ணே? எவ்ளோ கட்டினீங்க?"

"ரெண்டாயிரத்து ஐந்நூத்தி ஒண்ணு" என்றார் அழகு.

ஃபைல் வாங்கிக்கொண்டிருந்த வேதநாயகியின் கை அப்படியே நின்றது.

"என்ன சொன்னீங்க?"

அழகு ஜாடிகளைப் பார்த்தார்.

"ஒண்ணா? பில்லு ரெண்டாயிரத்து ஐந்நூறு. அந்த ஒண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

"பூஜ்யத்துல முடிக்கக் கூடாதுன்னு..."

கல்யாணத்துக்கு மொய் எழுதினால் நூற்றொன்று, கோவிலுக்கு நன்கொடை என்றால் ஐந்நூற்றொன்று. அது எல்லாரும் செய்கிறதுதான். அழகு அதோடு நிற்கிற ஆள் இல்லை. கரண்டு பில்லுக்கு ஒன்று கூட்டுவார், தண்ணீர் பில்லுக்கு ஒன்று கூட்டுவார், முடிவெட்டுகிறவருக்கும் ஒன்று கூட்டுவார். இரும்புக் கடையில் ஆணி எண்ணும்போதுகூட ஒன்று என்று அவர் வாயில் வந்ததில்லை. செட்டிநாட்டுக் கடைக்காரர் வீட்டுப் பழக்கம், "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவார். அந்த லாபம் ஒன்றைத்தான் வாரியத்துக்கும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

வேதநாயகிக்கு எல்லாம் பட்டென்று விளங்கிவிட்டது. தொழில் தெரிந்தவள் இல்லையா? வாரியத்துக் கம்ப்யூட்டர் இரண்டாயிரத்து ஐந்நூறு எங்கே என்று தேடும். இரண்டாயிரத்து ஐந்நூற்றொன்று வந்து நின்றால் அது யாரோ என்னவோ என்று அனாமத்துக் கணக்கில் தள்ளிவிடும். யாருடையது என்று தெரியாத பணத்தைப் போட்டு வைக்கிற கணக்கு அது. "உங்க கம்பெனியில அனாமத்து இவ்ளோ ஏன் கெடக்கு?" என்று ஊரையெல்லாம் கேட்கிறவளின் காசு அங்கே போய்க் கிடக்கிறது.

"பில் நம்பராவது எழுதிக் கொடுத்தீங்களா?"

"அந்த நம்பர் நீளமா இருந்துச்சு. குறிப்புன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல இங்கிலீஷ் எழுத்துல லாபம்னு எழுதச் சொன்னேன்."

"லாபம்னா?"

"லாபம்னுதான்."

மரியநாதனுக்குச் சிரிப்பு முட்டியது. சூளைக் கடன் ஞாபகம் வரவும் அடக்கிக்கொண்டார். கார் கிளம்பிய வேகத்தில் வாசலில் இருந்த இரண்டு பூச்சட்டி தப்பித்தது பெரிய காரியம்.

நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் பேசவில்லை. திட்டுவதைவிட அது மோசம் என்று அழகுக்குத் தெரியும். தெப்ராவில் வாரியக் கட்டடத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தியபோது மணி ஒன்று. கண்ணாடிக் கதவில் அட்டை தொங்கியது. வெள்ளிக்கிழமைத் தொழுகை, கவுண்டர் இரண்டே முக்காலுக்குத்தான் திறக்கும். அதுவும் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

கீழ்த்தளத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. அழகு நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ இரண்டு சொன்னார். அவள் தொடவில்லை.

"கோவத்துல பட்டினி கிடக்காத, வேதா."

அவ்வளவுதான், அணை உடைந்தது. "பட்டினியா? இன்னும் நாலு மாசம் பட்டினிதான்! முடி வெட்டுறவனுக்கு ஒரு வெள்ளி கூடப் போடுங்க, சந்தோஷப்படுவான். மிஷினுக்கு எதுக்கு? என் லைசன்ஸ்ல போய் விளையாடுவீங்களா? இருபத்தாறு வருஷம், ஒரு நாள் லேட்டானது இல்ல, ஒரு கம்ப்ளெயின் கெடையாது. உங்க ஒரு வெள்ளி மொத்தத்தையும் முழுங்கிருச்சு. இனி என் கையெழுத்து பால்காரன் பில்லுக்குக்கூட ஆகாது!" சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள். அவள் அழுது அவர் பார்த்தது அவள் அப்பாவின் காரியத்தன்று. அதற்கப்புறம் இன்றைக்குத்தான்.

அழகு கிளாஸைத் தள்ளி வைத்தார்.

"நான் விளையாடல வேதா. மத்த பில்லுக்கெல்லாம் பழக்கதோஷம், ஒத்துக்கிறேன். இது அப்படி இல்ல. உனக்கு மொதல்ல லைசன்ஸ் வந்தப்ப, காசு கட்ட நம்மகிட்ட இல்ல. ஞாபகம் இருக்கா? கடையில ஒரு வாரம் வித்த காசக் கொண்டுபோய்க் கட்டினேன். அன்னைக்கும் ஒண்ணு சேர்த்துத்தான் குடுத்தேன். அந்தக் கவுண்டர்ல இருந்தவரு திருப்பிக் குடுத்துட்டாரு. பிள்ளையார் உண்டியல்ல போட்டுட்டேன். மத்த வருஷமெல்லாம் நீயே கட்டிருவ. இந்த வருஷந்தான் திரும்ப என் கையில வந்துச்சு. எனக்கு அது பில்லு மாதிரித் தெரியல. உன் கையெழுத்துக்கு நான் வைக்கிற மொய்னுதான் தோணுச்சு. மொய்ய பூஜ்யத்துல முடிக்க எனக்கு மனசு வரல."

கோபத்தை எங்கே வைப்பது என்று வேதநாயகிக்கே தெரியவில்லை. ஆறிப்போன தே தாரிக்கை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

இரண்டே முக்காலுக்குக் கதவு திறந்தது. அவர்களுக்கு முன்னால் பதினோரு பேர். வேதநாயகியின் எண் வரும்போது மணி மூன்றே முக்கால். கவுண்டரில் சாந்தினி என்று பெயர் குத்திய ஒரு முப்பது வயதுப் பெண் இருந்தாள். தமிழ்ப் பிள்ளை என்று பார்த்ததும் அழகுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தெம்பு வந்த வேகத்தில் அந்த வெள்ளைக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

சாந்தினி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன அங்கிள்?"

"ரெசிட்."

"எழுத்தே இல்லையே."

"இருந்துச்சு. சாமிகிட்ட வச்சிருந்தேன்."

"ஸாரி மேடம்" என்று வேதநாயகியைப் பார்த்துச் சொன்னாள். "ரெசிட் இல்லாம ஒண்ணும் செய்ய முடியாது. மாடியில அனாமத்துல நானூறு பேர் காசு கெடக்கு. முக்காவாசி ஒரே மாதிரி தொகை. ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம்... பில் நம்பர் இல்லாம யாரோடதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. எத்தன பேர் வந்து அழுதுட்டுப் போறாங்க தெரியுமா? நீங்க எவ்ளோ கட்டினீங்க?"

வேதநாயகிக்கு அந்தத் தொகையைச் சொல்லவே நாக்கு கூசியது. ஆடிட்டர் என்று சொல்லிக்கொண்டு வந்து எப்படிச் சொல்வது? "ரெண்டாயிரத்து ஐந்நூத்தி ஒண்ணு" என்றாள் மெதுவாக.

சாந்தினியின் கை விசைப்பலகையில் நின்றது.

"ஒண்ணா? ஐந்நூத்தி ஒண்ணா?"

"ஆமா."

"குறிப்புல ஏதாச்சும் எழுதினீங்களா?"

அழகு முன்னால் வந்தார். "லாபம்."

"ஐயோ!" என்று சாந்தினி எழுந்தே விட்டாள். "அந்த லாபம் நீங்கதானா!"

வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு வாரமாக மாடியில் கணக்குப் பிரிவு முழுக்க லாபத்தைத்தான் தேடிக்கொண்டிருந்ததாம். லாபம் என்று ஒரு நிறுவனம் இருக்கிறதா என்று பதிவேட்டை அலசியிருக்கிறார்கள். கணக்குப் பிரிவுத் தலைவி புவான் நோர்லிசா, மலாயில் லாபா என்றால் லாபம்தானே, யாரோ எழுத்துப் பிழையாக எழுதிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்படி எழுதுகிற ஆடிட்டர் யார் என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பந்தயமே கட்டியிருக்கிறார்கள். "நானும் தமிழ்தான், எனக்கே தோணல பாருங்க!" என்று சொல்லிக்கொண்டே சாந்தினி மாடிக்கு ஓடினாள்.

பத்து நிமிஷத்தில் கையில் ஒரு தாளோடு வந்தாள். போன மாதம் எட்டாம் தேதி, பத்து பாகாட் கிளை, ரொக்கம், இரண்டாயிரத்து ஐந்நூற்றொன்று, குறிப்பு லாபம். கெடுவுக்கு மூன்று வாரம் முன்னாலேயே வந்திருக்கிறது. வேதநாயகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாளை வாங்கி ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தாள்.

"நீங்க சரியா ரெண்டாயிரத்து ஐந்நூறு கட்டி, பில் நம்பர விட்டிருந்தீங்கன்னு வைங்க மேடம், சத்தியமா இன்னைக்குக் கண்டுபிடிச்சிருக்க முடியாது. அந்த நானூறுல ஒண்ணா கெடந்திருக்கும்" என்றாள் சாந்தினி.

அழகு விட்டத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு சின்னப் பெருமை தெரிந்தது. பில் நம்பரை விட்டதும் அவரேதான் என்று சொல்ல வேதநாயகி வாயெடுத்தாள். பிறகு, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. அந்த ஒரு வெள்ளியை எங்காவது ஒதுக்கினால்தான் கணக்கு மூடும், கணக்கு மூடினால்தான் உரிமம் திறக்கும். திருப்பி வாங்க மூன்று பக்கப் படிவம், பதினாலு நாள். அழகு, "லாபத்தத் திருப்பி வாங்கக் கூடாதும்மா" என்று ஆரம்பித்தார். வேதநாயகி அவர் காலை மிதித்தாள். அடுத்த வருஷத்துக்கு முன்பணமாக வரவு வைக்கலாம் என்று சாந்தினியே ஒரு வழி சொன்னாள். வேதநாயகி கையெழுத்துப் போட்டாள். நாலு மணி பத்து நிமிஷத்துக்குத் திரையில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

அங்கேயே, சுவரோரப் பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மரியநாதனின் அறிக்கைக்குக் கையெழுத்தைப் போட்டு வங்கிக்கு அனுப்பினாள். போனில் மரியநாதன், "மாதாவே, அந்தோணியாரே" என்று வரிசையாக ஆரம்பித்தார். "எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டு, பேங்குக்கு ஒரு போன் போட்டுருங்க" என்றாள் வேதநாயகி. அவர் உடனே பேங்கைக் கூப்பிட்டு, அறிக்கை வந்துவிட்டதாம் என்று திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து கழுத்து வலித்துக்கொண்டிருந்ததே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"வேதா" என்றார் அழகு, தயங்கித் தயங்கி. "அடுத்த வருஷம் பில்லு ரெண்டாயிரத்து நானூத்தித் தொண்ணூத்தொன்பதுதானே வரும்? அது பூஜ்யத்துல முடியாது. அப்ப ஒண்ணும் சேர்க்க வேண்டியதில்ல."

"அடுத்த வருஷம் நீங்க பேங்க் பக்கம் போனீங்க, கால ஒடிச்சிருவேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தாள். அழகும் தைரியம் வந்து கூடச் சிரித்தார்.

"மேடம்!" என்று சாந்தினி கூப்பிட்டாள். "உரிமச் சான்றிதழ் இப்பவே பிரிண்ட் எடுத்துக்கிறீங்களா? பத்து வெள்ளி."

எடுத்துக்கொள்ளாமல் இருப்பாளா? வேதநாயகி கவுண்டருக்குப் போய்க் கைப்பையைத் திறந்து பணத்தை வைத்தாள். சாந்தினி முத்திரை குத்திய சான்றிதழை நீட்டினாள். வேதநாயகி அதில் தன் பெயரை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். சாந்தினி இன்னும் பணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்... பத்துதான்."

மேஜையில் ஒரு பத்து வெள்ளி நோட்டு. அதற்கு மேல், ஒழுங்காக நீவி வைத்த ஒரு வெள்ளி நோட்டு.

வேதநாயகி அதை உற்றுப் பார்த்தாள். யார் வைத்தது? கை அவளுடையதுதான். பின்னாலிருந்து அழகு எட்டிப் பார்த்தார். அவள் அந்த ஒரு வெள்ளியை எடுத்து, திரும்பி, அவர் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"உண்டியல்ல போடுங்க" என்றாள்.